முகவரியே குற்றமாகும் ஊர்: லியோன் நகரின் புறநகர் வெனிசியூ தரும் படிப்பினை



பிரெஞ்சு மொழியில் புறநகரைக் குறிக்கும் சொல் ‘பான்லியூ’. இன்று அச்சொல்லைக் கேட்டவுடன் பலருடைய கண்முன் எரியும் வாகனங்களும், கல்லெறியும் இளைஞர்களும், காவல் படையினரும் தோன்றுகின்றனர். அது ‘விலக்கி வைக்கப்பட்டோர் வாழும் இடம்’ என்னும் பொருளுடையது என்று சொல்வோரும் உண்டு. அந்த விளக்கம் பிழையானது. இடைக்காலத்தில் ‘பான்’ என்பது ஆட்சியாளரின் ஆணையைக் குறித்தது. ‘லியூ’ என்பது தொலைவின் அளவு, ஏறத்தாழ ஒரு காவதம். நகரின் ஆணை செல்லுபடியாகும் ஒரு காவதச் சுற்றெல்லையே பான்லியூ. அதாவது, நகரின் சட்டமும் பொறுப்பும் எட்டும் நிலம். நகரின் பொறுப்புக்குள் இருந்த இடம் எவ்வாறு நகரம் அஞ்சி ஒதுங்கும் இடமாக மாறியது? இவ்வினாவுக்கு விடை தேடுவோருக்கு லியோன் நகரின் தென்கிழக்கே உள்ள வெனிசியூவின் வரலாறு பெரிதும் உதவும்.

இது நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். முன்னாளில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்கால், புதுச்சேரிப் பகுதிகளிலிருந்து குடியுரிமை பெற்றுச் சென்ற முஸ்லிம் குடும்பங்கள் பல இன்று பிரான்ஸின் புறநகர்களில் வாழ்கின்றன. அவர்களுள் நம் உறவினர் உண்டு. சம்பந்தம் பேச வருவோரும் உண்டு. ‘அந்தப் பகுதியிலா வீடு?’ என்று ஒரே கேள்வியில் ஒரு குடும்பத்தை எடைபோட்டு விடும் வழக்கம் நம்மிடையேயும் புகுந்துவிட்டது. ஓர் ஊரின் மீது வீசப்படும் இழிசொல்லை நாமும் வழிமொழியலாமா என்பதே இக்கட்டுரையின் கவலை.

வெனிசியூ பழைய ஊர். பல நூற்றாண்டுகள் அது வயல்களும் பண்ணைகளும் சூழ்ந்த கிராமமாகவே இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் லியோன் நகரின் ஆலைகள் நெருக்கடி மிக்க நகர்ப்பகுதியை விட்டு விரிந்த நிலத்தைத் தேடி வெளியேறின. வெனிசியூவின் ஒரு பகுதியாய் இருந்த சேன்-ஃபோன், வேதிப்பொருள் ஆலைகளால் வளர்ந்து 1888இல் தனி ஊராயிற்று. முதல் உலகப் போர்க் காலத்தில் மரியுஸ் பெர்லியே என்னும் வாகனத் தொழிலதிபர் இங்குப் பரந்த நிலத்தை வாங்கிச் சரக்குந்து ஆலையை எழுப்பினார். அந்த ஆலையைச் சுற்றித் தொழிலாளர் ஊர் ஒன்று வளர்ந்தது. முதலில் இத்தாலியரும் ஸ்பானியரும் வந்தனர். பின்னர்ப் போர்த்துகீசியர், அல்ஜீரியர், துனிசியர், மொராக்கோவினர் வந்தனர். இவர்கள் தாமாக நுழைந்த அழையா விருந்தாளிகள் அல்லர். போரினால் சிதைந்த பிரான்ஸை மீண்டும் எழுப்பக் கைகள் தேவைப்பட்டன. தொழில் நிறுவனங்கள் ஆளனுப்பி அழைத்தன. லியோனின் சாலைகளிலும் ஆலைகளிலும் கலந்திருப்பது இவர்களின் வியர்வை. கூலியாளின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்னும் நபிமொழியை நாம் அறிவோம். கூலியோடு கண்ணியமும் சேர்ந்தே அந்த உரிமை நிறைவடைகிறது.

வெனிசியூவின் வரலாற்றில் 1942ஆம் ஆண்டின் ஓர் இரவு தனித்து நிற்கிறது. அப்போது தெற்குப் பிரான்ஸில் ஜெர்மானியப் படை இன்னும் நுழையவில்லை. எனினும் விஷி அரசின் ஆணைப்படி, பிரெஞ்சுக் காவலரே ஆகஸ்டு 26ஆம் நாள் வெளிநாட்டு யூதர்களை வளைத்துப் பிடித்தனர். லியோன் வட்டாரத்தில் பிடிபட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெனிசியூவில் இருந்த ஒரு முகாமில் அடைக்கப்பட்டனர். அந்த முகாம் முன்னர், இந்தோசீனக் குடியேற்ற நாட்டிலிருந்து அழைத்து வரப்பட்ட தொழிலாளர்களைத் தங்க வைத்த இடம். ஒரு காலத்தில் கைகளைக் கடன் வாங்கிய கொட்டில், மறு காலத்தில் உயிர்களைப் பறிகொடுக்கும் வாயிலாயிற்று.

முகாமுக்குள் சென்று விலக்குப் பெறத் தகுதியுடையோரைத் தேர்ந்தெடுக்கும் பணியில் உதவ, கிறிஸ்தவ, யூதத் தொண்டர்கள் சிலருக்கு அனுமதி கிடைத்தது. அவர்களுள் ஒருவர் அலெக்சாந்தர் கிளாஸ்பேர்க் என்னும் கத்தோலிக்கக் குரு. உக்ரைனில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பெற்றோர் துணையற்ற சிறுவர்க்கு இருந்த விலக்கை நீக்கும் ஆணை தந்தி வழியே வந்தபோது, அவர் அதனைப் பிறர் கண்ணில் படாமல் மறைத்துக் கொண்டார். ஆகஸ்டு 28ஆம் நாள் இரவு முழுவதும் தொண்டர்கள் தாய் தந்தையரிடம் சென்று, பிள்ளைகளின் மீதான உரிமையை எழுதித் தருமாறு வேண்டினர். பிள்ளையைப் பிரிந்தால் பிள்ளை பிழைக்கும். பிரியாவிட்டால் குடும்பமே அழியும். அந்தத் தாய்மார் எந்த நெஞ்சுடன் கையெழுத்திட்டிருப்பர் என்பதைப் பெற்றோராகிய நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். விடிந்தபோது 108 சிறுவர்கள் வெளியேற்றப்பட்டிருந்தனர். 545 பேர் திரான்சி முகாமுக்கு அனுப்பப்பட்டனர்; அங்கிருந்து அவர்களின் பாதை ஆஷ்விட்ஸில் முடிந்தது. பின்னர், சிறுவர்களைத் திருப்பி ஒப்படைக்குமாறு அரசு அதிகாரி வற்புறுத்தியபோது, லியோனின் கர்தினால் ஜெர்லியே அவர்கள் இருக்கும் இடத்தைச் சொல்ல மறுத்துவிட்டார்.

‘அவர்கள் வேறு சமயத்தார் ஆயிற்றே’ என்று இங்கே எவரும் தயங்க வேண்டியதில்லை. யூதர் ஒருவரின் ஜனாஸா கடந்து சென்றபோது எழுந்து நின்றவர் நம் பெருமானார் (ஸல்) அவர்கள். ஓர் உயிரை வாழவைப்பதன் மாண்பைப் பேசும் திருமறை வசனத்தை நம் பிள்ளைகள் மனப்பாடமாக ஓதுகின்றனர். அதன் செயல்விளக்கங்களுள் ஒன்று, இன்று ‘கலவரப் புறநகர்’ என்று மட்டும் அறியப்படும் இவ்வூரில் நிகழ்ந்தது. ஆனால் வெனிசியூ என்னும் பெயரைக் கேட்பவருள் எத்தனை பேருக்கு அந்த 108 சிறுவர்கள் நினைவுக்கு வருகின்றனர்?

போருக்குப் பின் நாடெங்கும் வீட்டுப் பஞ்சம் நிலவியது. தொழிலாளர் பலர் தகரக் கொட்டகைகளிலும் நெரிசலான விடுதிகளிலும் வாழ்ந்தனர். இந்நிலையை மாற்ற, வெனிசியூவின் மேட்டுநிலத்தில் மேங்கெத் குடியிருப்பு எழுந்தது. 1960களின் நடுப்பகுதி தொடங்கி 1970களின் தொடக்கம் வரை, யூஜேன் போதுவான் என்னும் கட்டடக் கலைஞரின் திட்டப்படி, ஏறத்தாழ 9,200 வீடுகள் கட்டப்பட்டன. அறுபதுக்குக் குறையாத அடுக்குமாடிக் கோபுரங்கள் நின்றன. 1962இல் சுமார் 29,000 பேர் வாழ்ந்த ஊர், 1975இல் 74,000 பேரைத் தாண்டியது.

தொடக்கத்தில் அங்குக் குடியேறியோர் அதனைத் தண்டனையாகக் கருதவில்லை. குளியலறை, வெந்நீர், வெப்ப வசதி, பிள்ளைகளுக்குத் தனி அறை ஆகியவை பலருக்கு முதன்முறையாகக் கிட்டின. பிரெஞ்சுக் குடும்பங்களும் குடியேறியோர் குடும்பங்களும் ஒரே படிக்கட்டைப் பகிர்ந்து கொண்டன.

1973இல் எண்ணெய் விலை நெருக்கடி வந்தது. 1974இல் பிரான்ஸ் வெளிநாட்டுத் தொழிலாளர் வருகையை நிறுத்தியது. ஆலைகள் ஆட்குறைப்புச் செய்தன. வசதி படைத்தோர் தனி வீடு வாங்கி வெளியேறினர். வெளியேற இயலாதோர் தங்கினர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் பூட்டிக் கிடந்தன. தந்தையின் கரங்களை வேண்டி அழைத்த நாட்டில் மகனுக்கு வேலை இல்லை. அந்த மகன் பிரான்ஸிலேயே வளர்ந்தவன். பிரெஞ்சு மொழியிலேயே சிந்திப்பவன். ஆயினும் காவலர் கண்ணில் அவன் நிரந்தர அந்நியன். 1981ஆம் ஆண்டுக் கோடையில் இளைஞர்கள் களவாடிய வாகனங்களை விரைந்தோட்டி எரித்தபோது, மேங்கெத் என்னும் பெயர் நாடெங்கும் பரவியது. ஊரின் மற்றெல்லா வரலாறும் அந்த நெருப்பின் வெளிச்சத்தில் மறைந்து போயிற்று.

நெருப்பைத் தாண்டி நிகழ்ந்தது என்ன என்பதை அறிந்தோர் குறைவு. 1983ஆம் ஆண்டு வசந்த காலத்தில் மேங்கெத் இளைஞர்கள் வன்முறையை விடுத்து உண்ணாநோன்புப் போராட்டத்தில் அமர்ந்தனர். தமக்கென ஒரு சங்கத்தையும் அமைத்தனர். அதன் தலைவர் தூமி ஜைஜா, அல்ஜீரியப் பெற்றோரின் மகன். இருபதை எட்டிய இளைஞர். அவ்வாண்டு ஜூன் மாதம் இரவொன்றில், காவல் நாயின் பிடியில் சிக்கிய ஒரு சிறுவனை விடுவிக்கச் சென்ற அவரைக் காவலர் ஒருவரின் துப்பாக்கிக் குண்டு துளைத்தது. மருத்துவமனைப் படுக்கையில் கிடந்த அவர் பழிவாங்கும் வழியைத் தேர்ந்தெடுத்திருந்தால், அவருக்குப் பின்னால் செல்ல ஊரே காத்திருந்தது. அவரோ நடக்கலாம் என்றார். காந்தியடிகளின் உப்புநடையும் மார்ட்டின் லூதர் கிங்கின் பேரணியும் அவருக்கு முன்மாதிரியாயின. கிறிஸ்தியான் தெலோர்ம் என்னும் கத்தோலிக்கக் குருவும், ழான் கோஸ்தில் என்னும் சீர்திருத்தத் திருச்சபைப் போதகரும் தோள் கொடுத்தனர்.

1983 அக்டோபர் 15ஆம் நாள் ஒரு சிறு குழுவினர் மார்செய் நகரிலிருந்து புறப்பட்டனர். நடைப்பயணத்தின் பெயர் ‘சமத்துவத்திற்காகவும் இனவெறிக்கு எதிராகவும்’ என்பதே. தொடக்கத்தில் வரவேற்க ஆளில்லாத ஊர்கள் பல. வழியிலேயே பேரிடியான செய்தி ஒன்று வந்தது. நவம்பரில், ஹபீப் கிரிம்சி என்னும் அல்ஜீரியப் பயணியை, அயல்நாட்டுப் படைப்பிரிவில் சேரச் சென்று கொண்டிருந்த சிலர் தாக்கி, ஓடும் தொடர்வண்டியிலிருந்து வெளியே வீசிக் கொன்றனர். நடந்தோர் கலையவில்லை, கல்லையும் எடுக்கவில்லை. டிசம்பர் 3ஆம் நாள் அவர்கள் பாரிஸை அடைந்தபோது உடன் நடந்தோர் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர். குடியரசுத் தலைவர் மித்தரான் அவர்களின் பிரதிநிதிகளைச் சந்தித்தார். பத்தாண்டு வதிவிட அட்டை வழங்குவதாக உறுதியளித்தார். 1984இல் அது சட்டமாயிற்று. ஆண்டுதோறும் அலுவலக வாசலில் அஞ்சி நின்ற தந்தையர் பலருக்கு அது பெரும் நிம்மதியைத் தந்தது.

பொறுமை என்றால் வாய்மூடி அடங்கிக் கிடப்பது என்று நம்மில் பலர் பொருள் கொள்கின்றனர். ‘ஸப்ர்’ என்னும் சொல்லுக்கு நிலைகுலையாது உறுதியாய் நிற்றல் என்னும் பொருள் உண்டு. உடலில் குண்டுத் தழும்புடன், கையில் கல்லின்றி, நாட்டின் தென்கோடியிலிருந்து தலைநகர் வரை நடந்ததை அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். மக்காவில் நபித்துவத்திற்கு முன் அநீதி இழைக்கப்பட்டோருக்காகச் செய்யப்பட்ட ‘ஹில்ஃபுல் ஃபுளூல்’ உடன்படிக்கையில் பெருமானார் (ஸல்) அவர்கள் பங்கேற்றார்கள். பிற்காலத்திலும் அதனைப் போற்றியே நினைவுகூர்ந்தார்கள். நீதிக்காகப் பிற சமயத்தாருடன் கைகோப்பதால் ஈமான் குறைந்துவிடும் என்போர் இதனை மறந்துவிடுகின்றனர்.

ஆனால் அந்த நடைப்பயணத்திற்கு நேர்ந்த ஒரு திருட்டையும் சொல்ல வேண்டும். செய்தித்தாள்கள் அதனைச் ‘சமத்துவ நடை’ என்று அழைப்பதைவிட ‘பேர்களின் நடை’ என்று அழைப்பதையே விரும்பின. ‘பேர்’ என்பது அரபியரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லைத் தலைகீழாக்கிய கொச்சை வழக்கு. கேட்டது சமத்துவம், பேசப்பட்டது அவர்களின் பிறப்பு. உடன் நடந்த மற்றவர்களும் அப்பெயரில் மறைந்தனர். ஒருவனின் கோரிக்கையைக் கேளாதிருக்க எளிய வழி, அவன் யார் மகன் என்று பேசத் தொடங்குவதே.

அரசு அட்டையைத் தந்தது. வேலையையும் சம மதிப்பையும் தரவில்லை. கட்டடங்களை மட்டும் இடித்தது. 1983இல் மேங்கெத்தின் சில கோபுரங்களும், 1994 அக்டோபரில் ஒரே நாளில் பத்துக் கோபுரங்களும் தகர்க்கப்பட்டன. 1999இல் ஊரின் மக்கள்தொகை 56,000 அளவுக்குச் சுருங்கியது. கோபுரம் விழுந்த புழுதி அடங்கியதும் அதே வேலையின்மை வெளிப்பட்டது. 2005இல் பாரிஸ் அருகே கிளிஷி-சூ-புவாவில் காவலருக்கு அஞ்சி ஓடிய இரு சிறுவர்கள் மின்நிலையத்தில் இறந்தபோது நாடே மூன்று வாரங்கள் கொந்தளித்தது. 1983இல் அமைதியாகக் கேட்டோருக்கு முழு விடை கிடைத்திருந்தால் அடுத்த தலைமுறைக்கு அமைதியின் மீது நம்பிக்கை எஞ்சியிருக்கும் என்பது என் கருத்து. கலவரத்தை நான் நியாயப்படுத்தவில்லை. அயலாரின் வாகனத்தையும் பிள்ளைகளின் பள்ளியையும் எரிப்பது ஹராம். அதில் கருத்து வேறுபாட்டிற்கு இடமில்லை. நோயைக் கண்டிப்பதோடு அதன் காரணத்தையும் ஆராய வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

நீதி பேசும்போது நம் பக்கத்துக் குறையையும் பேசியாக வேண்டும். 2004இல் வெனிசியூவில் இமாமாக இருந்த ஒருவர், மனைவியை அடிப்பதை நியாயப்படுத்தி ஓர் இதழுக்குப் பேட்டியளித்தார், நாடு கடத்தப்பட்டார். மனைவியரைத் தம் வாழ்நாளில் ஒருமுறையும் அடித்திராத நபியின் உம்மத்துக்கு, மிம்பரில் நிற்பவரின் அந்த நாவு எத்தனை பெரிய இழுக்கைத் தேடித் தந்தது! ஓதிக் கொடுக்கும் பணியில் இருக்கும் என்னைப் போன்றோர் அஞ்ச வேண்டிய இடம் இது. நம் ஒரு சொல்லின் விலையை ஊரிலுள்ள ஒவ்வொரு சகோதரியும் ஒவ்வொரு இளைஞனும் செலுத்த நேரிடும்.

அதே ஊரின் முராத் பென்ஷெலாலி, 2001இல் தம் பத்தொன்பதாம் வயதில் ஆப்கானிஸ்தானுக்குச் சென்று, பயிற்சி முகாமில் சிக்கி, குவாந்தனாமோ சிறையில் அடைபட்டு, 2004இல் பிரான்ஸுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர். பின்னாளில் அவர் தாம் பட்டதை எழுதினார். ஆயுதக் குழுக்களின் அழைப்பில் மயங்கும் இளைஞர்களை நேரில் சந்தித்து எச்சரிக்கும் பணியை மேற்கொண்டார். இடறி விழுந்தவர் எழுந்து, பிறர் விழாதிருக்கக் காவல் நிற்பது தவ்பாவுக்கு அழகு சேர்க்கும் செயல். ‘வெனிசியூ பயங்கரவாதிகளின் ஊர்’ என்று எழுதியோர், காவல் நிற்கும் இந்த வெனிசியூக்காரரைப் பற்றி எத்தனை பக்கம் எழுதினர்?

ஊராட்சியின் கதையும் ஒற்றை நிறமுடையதன்று. வெனிசியூ நெடுங்காலம் பொதுவுடைமைக் கட்சியினரின் கோட்டையாக விளங்கியது. 1985 முதல் 2009 வரை மேயராக இருந்த ஆந்திரே ஜெரான்தான், முகம் மறைக்கும் ஆடை குறித்த நாடாளுமன்றக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர். அதன் தொடர்ச்சியாக 2010இல் பொது இடங்களில் முகம் மறைப்பதைத் தடை செய்யும் சட்டம் வந்தது. அவருக்குப் பின் மேயரான மிஷேல் பிகார், வாடகை செலுத்த இயலாத குடும்பங்களை வெளியேற்றுவதையும், ஏழைகளின் குடிநீர், மின் இணைப்பைத் துண்டிப்பதையும் தடுக்கும் ஆணைகளை ஆண்டுதோறும் பிறப்பித்தார். நீதிமன்றம் அவற்றை நீக்கியும் அவர் விடவில்லை. தெருவில் நிறுத்தப்படவிருந்த குடும்பங்களுள் முஸ்லிம் குடும்பங்களும் அடங்கும். ஒரு சட்டத்தை எதிர்ப்பவர் மற்றோர் ஆணைக்கு நன்றி சொல்லலாம். ஒரு கூட்டத்தார் மீதான வெறுப்பு நம்மை நீதியிலிருந்து பிறழச் செய்துவிடக் கூடாது என்பது நமக்கு இடப்பட்ட கட்டளை. அது எதிர்ப்பவருக்கும் பொருந்தும், ஆட்சியாளருக்கும் பொருந்தும்.

இன்று வெனிசியூவில் 65,000 பேர் அளவில் வாழ்கின்றனர். 1992இல் மெட்ரோ ஊரின் ரயில் நிலையத்தை எட்டியது. 2009இல் டிராம் மேங்கெத் மேட்டின் மீது ஏறியது. நிலத்தால் அருகிருந்தும் நெடுந்தொலைவாய்க் கிடந்த ஊர் லியோனோடு இணைந்தது. 2014இல் பிரெஞ்சுச் சட்டம், ஒருவர் வாழும் இடத்தைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதையும் குற்றமாக அறிவித்தது. முகவரியால் மனிதரை ஒதுக்கும் வழக்கம் எவ்வளவு ஆழமாய் வேரூன்றியிருந்தால் அதற்கென ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கும்!

சட்டம் அலுவலகத்தைக் கட்டுப்படுத்தும். நம் வீட்டுத் திண்ணைப் பேச்சைக் கட்டுப்படுத்தாது. அதனை நாமே கட்டுப்படுத்த வேண்டும். சம்பந்தம் பேசும்போது மார்க்கப் பற்றையும் குணத்தையும் விசாரிப்போம். தெருவின் பெயரைக் கேட்டு முகம் சுளிப்பதை விடுவோம். இத்தகைய ஊர்களில் வாழும் நம் உறவினர் தம் பிள்ளைகளுக்கு ஊரின் வரலாற்றைச் சொல்லிக் கொடுக்கட்டும். 108 சிறுவர்களைக் காத்த இரவும், தலைநகர் வரை நடந்த இளைஞர்களும் தம் ஊருக்கு உரியவை என்று அறிந்த பிள்ளை, அவ்வூரை எரிக்க மாட்டான். அவ்வூரின் பெயரைச் சொல்ல வெட்கப்படவும் மாட்டான். படிக்கட்டில் எதிர்ப்படும் அண்டை வீட்டாருக்கு முதலில் வாழ்த்துச் சொல்வதும், நோய்வாய்ப்பட்டால் விசாரிப்பதும், குடியிருப்போர் கூட்டத்தில் பங்கேற்பதும் மார்க்கக் கடமையின் பகுதியே.

யத்ரிப் என்னும் ஊர் ஒரு காலத்தில் அவ்ஸ், கஸ்ரஜ் கோத்திரங்களின் தீராப் பகையால் அறியப்பட்டது. முஹாஜிர்களை அன்ஸாரிகள் அரவணைத்தபோது, அண்ணலாரின் வருகையால் அது மதீனாவாயிற்று. ஊர்களுக்குத் தலைவிதி எழுதப்பட்டு விடுவதில்லை. அங்கு வாழ்வோரும், அவர்களைச் சுற்றி வாழ்வோரும் சேர்ந்தே அதன் பெயரை எழுதுகின்றனர்.

நாம் வாழும் ஊர்களை அமைதியும் நீதியும் நிலவும் ஊர்களாக வல்ல ரஹ்மான் ஆக்கி அருள்வானாக. புலம்பெயர்ந்து வாழும் நம் குடும்பங்களின் ஈமானையும் கண்ணியத்தையும் காத்தருள்வானாக. ஆமீன்.